ராணி சௌத்ராவின் வயது

கணவனும் மனைவியும் சண்டை போட உலகத்தில் எத்தனையோ விஷயம் இருக்கிறது. டி.வி. ரிமோட் இருக்கிறது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடும் பழக்கம் இருக்கிறது. கசார்வாடியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசபினும் ஸ்டீபனும் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு செங்கல் மேடையின் வயதுக்காகச் சண்டை போட்டார்கள். அதுவும் கல்யாணமான புதிதிலிருந்து. பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிய சொத்துத் தகராறு என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள் பாவம்.

மேடை இருப்பது கோண்டேமாள் என்ற கிராமத்தில். தேஹு ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, அது போகாத இடத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். ஆற்றைப் பார்த்த ஒரு சிறு குன்று, அதன் தலையில் ஆள் உயரத்துக்குச் சதுரமாக எழும்பி நிற்கிற செங்கல் கட்டு. ஊர்க்காரர்களுக்கு அது ‘ராணீச்சா சௌத்ரா’, அதாவது ராணியின் மேடை. எந்த ராணி என்று கேட்டால் வீட்டுக்கொரு பெயர் சொல்வார்கள். எந்தக் காலம் என்று கேட்டால் ‘ஃபார் ஜுனா’ என்பார்கள், ரொம்பப் பழசு. அந்த ‘ரொம்ப’ என்பது எவ்வளவு என்பதுதான் தகராறு.

ஸ்டீபன் தொல்லியல் பேராசிரியர். அவருடைய வாதம் எளிது. சௌத்ராவின் செங்கல் ஒவ்வொன்றும் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். அவ்வளவு பெரிய செங்கலை இந்தப் பக்கத்தில் சாதவாகனர் காலத்தில்தான் அறுத்தார்கள், ஆகவே இரண்டாயிரம் ஆண்டு. ஜோசபின் இயற்பியல் படித்தவள். பழம்பொருள்களின் வயதை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. நீளத்தை வைத்து வயது சொல்வதென்றால் நம் எஸ்தர் உங்களுக்கு அக்கா ஆகிவிடுவாள் என்பது அவளுடைய பதில். மகள் எஸ்தர் அப்பாவைவிட அரைச்சாண் உயரம். ஜோசபின், ஸ்டீபன் இரண்டு பேருடைய அப்பாக்களும் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள். அவர் வீடு திருநெல்வேலிப் பக்கம், இவள் வீடு வேலூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு மாதா கோவில் வாசலில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே செங்கலைப் பற்றித்தான். அந்தப் பேச்சு ஓயாமல் போனதால்தான் கல்யாணம் நடந்தது என்று ஜோசபின் உண்மையாகவே நம்பினாள்.

கடைசியில், போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில், சௌத்ராவிலிருந்து செங்கல் மாதிரி எடுக்க அனுமதி கிடைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு பேரும் போனார்கள். ஜோசபினின் முறைக்கு வெளிச்சம் ஆகாது. செங்கல் நெருப்பில் வேகும்போது அதன் மணல் துகள்களில் அதுவரை சேர்ந்திருப்பதெல்லாம் காலியாகிவிடும். அன்றிலிருந்து மண்ணுக்குள் இருக்கிற மெல்லிய கதிர்வீச்சைத் துகள்கள் வருஷா வருஷம் சேர்த்து வைக்கும். அதை இருட்டறையில் வெளியே வரவழைத்து அளந்தால், வெந்து எத்தனை காலமாயிற்று என்று தெரியும். நடுவில் வெயில் பட்டால் போச்சு. ஆகவே கறுப்புப் போர்வையை இரண்டு பேரும் தலையோடு போர்த்திக்கொண்டு, துகள்களைக் கெடுக்காத சிவப்பு விளக்கின் ஒளியில் துளை போட்டார்கள். வேலி ஓரத்தில் நின்று பார்த்த ஊர்ப் பெண்கள் சிரித்த சிரிப்பு போர்வைக்குள் கேட்டது.

துளை போடும் இடத்தை அளப்பவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஜோசபினின் ஆய்வுக்கூடத்தில் சட்டம். எத்தனை பெரிய பேராசிரியர் வந்தாலும் அவள் அதில் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாள். நன்றாக வெந்த செங்கல்தான் தெளிவாகப் பேசும் என்று எப்போதோ அவள் சொன்னதை ஸ்டீபன் ஞாபகம் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்பே வந்து மேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கிழக்கு மூலையில் நல்ல ரத்தச் சிவப்பாக இருந்த செங்கல்களைப் பொறுக்கிக் குறி போட்டு வைத்திருந்தார். மல்லிகைப்பூ வாங்கி வந்த முகத்தோடு நின்றார் மனுஷன். அதற்குமேல் சட்டம் பேச அவளுக்கு மனசு வரவில்லை.

அளந்து முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. வந்த வயது நானூறு.

ஸ்டீபன் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். முதலில் குதிக்கவும் செய்தார். நானூறு வருஷத்துக்கு முன்னால் யார் இந்த அளவில் செங்கல் அறுத்தது, காட்டு பார்க்கலாம் என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டார். வீடு கலகலப்பாக இருந்தது. இந்த ஜனவரியில் ஒரு கருத்தரங்கில் இரண்டு பேரும் எதிரெதிரே பேசினார்கள். அவர் பேசி முடித்ததும் ஒரு இளம் ஆராய்ச்சியாளர் எழுந்து, இஞ்ச் டேப் வைத்து வயது சொன்ன காலமெல்லாம் மலையேறிவிட்டது சார் என்றார். அரங்கம் சிரித்தது. ஜோசபினும் சிரித்தாள். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை, உதட்டோரத்தில் வந்து போனதுதான். ஆனால் ஸ்டீபன் அந்த நேரம் பார்த்து அவளைப் பார்த்துவிட்டார்.

அன்றோடு போயிற்று. மறுநாளிலிருந்து அவர் சௌத்ராவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கோபம் என்றால் சமாளித்திருப்பாள், கோபமே இல்லை. காய் நறுக்கிக் கொடுத்தார், கீழே இறங்கி அவளுக்குப் பிடித்த வடாபாவ் வாங்கி வந்தார். அவள் வேண்டுமென்றே சாதவாகனர்களைப் பற்றி ஏதாவது மட்டமாகச் சொன்னால், இருக்கலாம் என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்பினார். பிப்ரவரியில் தவக்காலம் தொடங்கியது. ஊரெல்லாம் நாற்பது நாளைக்கு இறைச்சியை விடுவார்கள், இந்த மனுஷன் வாதத்தை விட்டுவிட்டாரே என்று ஜோசபின் தனக்குள் நொந்துகொண்டாள்.

எஸ்தருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. வாகடில் தோழிகளோடு தங்கி வேலை பார்க்கிறவள், சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் இந்தச் சண்டையைத்தான் வேடிக்கை பார்ப்பாள். “என்னம்மா, டாடி கூட ஜகடா இல்லையா? வீடு ஒரு மாதிரி இருக்கு” என்றாள். ஜெயித்தவள் ஜோசபின்தான். ஆனால் இந்த வீட்டில் ஜெயிப்பது என்பது மறுநாள் மறுபடி சண்டை போடுவதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். எதிராளி எழுந்து போய்விட்ட ஆட்டத்தில் ஜெயித்து என்ன செய்வது?

இதற்குமேல் ஒன்று நடந்தது. ஸ்டீபன் பல வருஷமாக எழுதி வந்த புத்தகம் அச்சுக்குப் போகிற நிலையில் இருந்தது. பதிப்பகத்தில் அதைப் பார்த்துக்கொண்டவன் முகுந்த் என்ற கோயம்புத்தூர்ப் பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஜோசபின் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ஸ்டீபன் அவனோடு ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது. சௌத்ரா அத்தியாயத்தை மாற்றி எழுதித் தருகிறேன், இரண்டாயிரத்தை எடுத்துவிட்டு நானூறு என்று போட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கரண்டியோடு வெளியே வந்தாள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள், உங்களுக்கு நானூறில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டாள்.

ஸ்டீபன் ஃபோனை வைத்தார். பிறகு, “எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிட்டு ஜோசி” என்றார். “இத்தன வருஷமா செங்கல்லப் பாத்துப் பாத்து வயசு சொன்னவன் நான். அன்னைக்கு அந்தப் பையன் சொன்னப்போ நீயும் சிரிச்சே. உனக்கே சிரிப்பு வந்தா அது சரியாத்தான் இருக்கும். நீ அளந்தத நான் போட்டுக்கிடுதேன், விடு.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவர் மனசாரச் சொன்னார், அதுதான் அவளைக் கொன்றது. அவருக்குத் தன் கண்மேல் நம்பிக்கை திரும்ப வேண்டும், அவர் திரும்பி வந்து தன்னோடு மல்லுக்கட்ட வேண்டும். அதற்காக எண்ணை மாற்றிச் சொல்லவும் முடியாது. அது அவளால் ஆகாது, ஆகிவிட்டாலும் அதை அவரே மன்னிக்க மாட்டார். அன்றைக்கு ரசத்தின் தாளிப்பு கருகியது. இரண்டு பேரும் அந்த ரசத்தையே ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

மார்ச்சில் ஹோலி வந்தது. குடியிருப்பின் வாசலில் சாயங்காலம் வழக்கம்போல் விறகும் வரட்டியும் அடுக்கிக் கொளுத்தினார்கள். தரையில் பதித்த டைல்ஸ் வெடித்துவிடும் என்று, அடியில் பழைய செங்கல்களைப் பரப்புவது சொசைட்டி செயலாளரின் ஏற்பாடு. ஜோசபினும் ஸ்டீபனும் எல்லோரோடும் நெருப்பைச் சுற்றி வந்து, யாரோ நீட்டிய பூரண்போளியை வாங்கிக்கொண்டார்கள். அவளும் அவரும் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஹோலி. புதிதாக ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினாள். பிள்ளைகள் அதற்குள் வண்ணப்பொடியோடு தயாராக நின்று, ஆண்ட்டி ஆண்ட்டி என்று ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் பச்சையை அப்பின. காவலாளி சாம்பலில் தண்ணீர் ஊற்றி, செங்கல்களைப் புரட்டிச் சுவரோரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். நேற்று வரை வெளிறிப்போய்க் கிடந்த அரைவேக்காட்டுச் செங்கல்கள் அவை. இப்போது நெருப்புப் பட்ட பக்கம் மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

பால் பாக்கெட்டும் கையுமாக ஜோசபின் நின்றுவிட்டாள். சௌத்ராவில் எல்லாச் செங்கலும் மங்கல் நிறம். கிழக்கு மூலை மட்டும்தான் சிவப்பு. ஒரே சூளையில் வெந்த செங்கல் ஒரு மூலையில் மட்டும் ஏன் கூடுதலாகச் சிவக்க வேண்டும்?

கன்னத்துப் பச்சையோடு அப்படியே மேலே ஏறிவந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒவ்வொரு செங்கலிலும் மேல்பக்கம், நடு, உள்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்திருந்தாள். மேலே குறைந்த வயது, உள்ளே போகப் போகக் கூடுதல். கருவியின் தடுமாற்றம் என்று நினைத்து மூன்றையும் சேர்த்துச் சராசரி போட்டிருந்தாள். ஒரு செங்கலுக்கு இரண்டு பிறந்தநாள் எப்படி இருக்கும்? இருக்காது. மேலேயிருந்து வருஷா வருஷம் நெருப்புப் பட்டு, சேர்த்து வைத்ததில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானால்தான் இப்படி வரும். தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். மூன்று எண்ணும் கண் முன்னால் கிடந்திருக்கிறது, வேறு யாராவது கொண்டுவந்த செங்கலாக இருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பாள்.

ஸ்டீபனிடம் ஒன்றும் சொல்லாமல் கோண்டேமாளின் ஊராட்சித் தலைவரான சர்பஞ்சை ஃபோனில் பிடித்து, உங்கள் ஊரில் ஹோலி எங்கே கொளுத்துவீர்கள் என்று மராத்தியில் கேட்டாள். இப்போது பள்ளிக்கூட மைதானத்தில் என்றார் அவர். முன்பெல்லாம்? முன்பெல்லாம் சௌத்ரா மேலேதான், கிழக்கு மூலையில், ஆற்றுக்கு அக்கரை வரை தெரியும்படி. வேலி போட்ட பிறகுதான் கீழே இறக்கிவிட்டோம் என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றதற்கு, ஹோலி வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஸ்டீபன் குளித்துவிட்டு வந்தார். அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் வாய் மெல்லத் திறந்தது. “நான்லா அந்தக் கல்லப் பொறுக்கிக் குடுத்தேன்” என்றார். “உனக்கு நல்லதாக் குடுக்கணும்னு தேடித் தேடி எடுத்தேன். என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுருக்கேன் பாரு.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவள் கன்னத்துப் பச்சை அவர் சட்டையில் ஒட்டியது.

இனி சண்டைக்கு வந்துவிடுவார் என்று நினைத்தாள். வரவில்லை. சிரித்து முடித்ததும், “சரி, உள்ளே இருந்து புதுசா எடுத்து அள. என்ன வருதோ அத போட்டுக்கிடுவோம்” என்று எழுந்து போனார். நானூறு போனதில்கூட அவருக்குச் சந்தோஷம் இல்லை. போட்டுக்கொள்வோம், போட்டுக்கொள்வோம். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானூறு என்ற அவளுடைய கட்டுரையை வெளியிட்டிருந்த பத்திரிகைக்கு எழுதி, அதில் தவறு என்று அறிவித்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. புருஷனுக்காக எண்ணை மாற்றுகிறாள் என்று இரண்டொருவர் பேசியதும் காதுக்கு வந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டு, ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி அனுமதி வாங்கிக் கோண்டேமாள் போனாள். இந்த முறை இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தாள். மேற்குப் பக்கம், மேடையின் வயிற்றுக்குள் ஆழமாக, எந்த நெருப்பும் எட்டாத இடம். ஸ்டீபன் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மங்கலான செங்கல்தான், பேசவைக்கப் பாடுபட வேண்டும். பரவாயில்லை என்றாள்.

மே மாதக் கடைசியில் எண் வந்தது. மேலே, நடுவே, உள்ளே என்று எங்கே அளந்தாலும் ஒரே வயது. ஜோசபின் இருட்டறையிலிருந்து வெளியே வந்து, கண் கூசும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். நல்ல அளவை. அவள் வாழ்க்கையில் இதைவிடச் சுத்தமாக ஒன்றை அளந்ததில்லை. ஆனால் அது நானூறும் இல்லை, இரண்டாயிரமும் இல்லை. இரண்டு பேரும் தோற்றாயிற்று. இதையும் அவர் வாங்கிப் புத்தகத்தில் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. சௌத்ராவுக்கு வயது கிடைத்துவிடும், அவள் வீட்டில் இனி ஆயுளுக்கும் அமைதி நிலவும். நினைக்கவே பயமாக இருந்தது.

வீட்டில் எஸ்தர் வந்திருந்தாள். ஸ்டீபன் தரையில் செய்தித்தாள் விரித்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜோசபின் கைப்பையைக்கூட இறக்காமல், ஆயிரத்து ஐந்நூறு என்றாள்.

எஸ்தர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்டீபன் பார்க்கவில்லை. ஒரு பழத்தை முழுக்க நறுக்கி முடித்தார். கொட்டையை ஓரமாக வைத்தார். அவர் வாயிலிருந்து அந்தப் ‘போட்டுக்கொள்வோம்’ வரப்போகிறது என்று ஜோசபின் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஈரம் எவ்வளவு போட்ட?” என்றார் ஸ்டீபன்.

“என்ன ஈரம்?”

“மேடைக்குள்ள இருக்க ஈரம். ஈரம் கதிர மறைக்கும்னு நீதான சொல்லுவே. கணக்குல எவ்வளவு ஈரம் போட்ட?”

அவள் சொன்னாள். துளை போட்ட அன்றைக்கு அளந்த ஈரம்தான்.

“ஏப்ரல்லயா அளந்தே?” கத்தியைக் கீழே வைத்தார். “ஏப்ரல்ல கோண்டேமாள்ல என்ன ஈரம் இருக்கும்? ஜூலையில வந்து பாரு, அந்தக் குன்னு முழுக்க ஊறிப்போயிக் கிடக்கும்லா? நான் அந்த மேட்டுல எத்தன மழைக்கு நின்னுருக்கேன். வருஷத்துல நாலு மாசம் தண்ணியில ஊறுத செங்கல்லுக்கு நீ வெயில்காலத்துக் கணக்கு போடுதே. ஈரத்தக் கூட்டு, வயசு தானா மேல ஏறும்.”

ஜோசபின் பதில் சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்கு அவளிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. ஈரத்தைக் கூட்டினால் ஏறும், ஆனால் இரண்டாயிரம் வரை ஏறாது. நூறு, இருநூறு ஏறலாம். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. மழையில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது தோன்றும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பையை ஆணியில் மாட்டினாள். கண்ணீர் வந்துவிட்டது, அதை எஸ்தர் பார்க்கக் கூடாது.

“எவ்வளவு ஏத்தினாலும் உங்க சாதவாகனர் வரைக்கும் போகாது” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

“போகும்.”

“போகாது. நூறு வருஷம் தரேன், வெச்சுக்கோங்க.”

“நீ என்னத்த தர? ஜூலையில குழி போட்டு ஈரமானிய வெச்சுப் பாப்போம். அதுவரைக்கும் இந்த ஆயிரத்தஞ்சூற நான் ஒத்துக்கிட மாட்டேன். செத்தாலும் ஒத்துக்கிட மாட்டேன்.”

மாம்பழச் சாறு முழங்கை வரை வழிய, குரல் உயர, மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது. எஸ்தர் ஒரு துண்டு மாம்பழத்தை எடுத்துக்கொண்டு, சோஃபாவில் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள்.

அப்போது மேஜைமேல் ஃபோன் அடித்தது. முகுந்த். ஸ்டீபன் கை ஈரமாக இருந்ததால் ஜோசபின் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். அந்தச் சௌத்ரா அத்தியாயம் இன்றைக்கு வந்துவிடுமா சார், எந்த வயதைப் போடுவது என்று மரியாதையாகக் கேட்டான் பையன்.

ஸ்டீபன் மனைவியைப் பார்த்தார். ஜோசபினும் அவரைப் பார்த்தாள், கருத்தரங்குக்கு முந்தின நாள் வரை பார்த்துவந்த அதே முறைப்போடு.

“அது இப்பம் வராது தம்பி” என்றார் ஸ்டீபன். “எங்க வீட்டுல இன்னும் முடிவாகல.”